கணக்கதிகாரத்தின் வினோதக் கணக்குகள்: விளையாட்டும் பயிற்சியும்

கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம், நிலம், பொன், நெல் முதலியவற்றை அளந்து கணக்கிடும் விதிகளைச் செய்யுளில் கூறும் நூலாகும். இதன் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. அளவை விதிகளோடு வினோதக் கணக்குகள் சிலவும் இந்நூலில் இடம்பெறுகின்றன. இவற்றைப் பழந்தமிழரின் அறிவியல் நுட்பத்திற்குச் சான்றாகப் போற்றுவோர் ஒருபுறம். வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் மறுபுறம். இரு தரப்பினரும் பெரும்பாலும் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டுப் பார்த்தால், இவை அளவையும் பின்னமும் பயிலும் மாணவனை நோக்கி அமைக்கப்பட்டவை என்பது தெளிவாகும்.

ஓந்தி பனையேறும் கணக்கு இதற்குத் தக்க சான்று. பனையின் உயரம் 32 முழம். ஓந்தி நாளொன்றுக்கு ஒரு சாண் ஏறி நான்கு விரல் வழுக்கி இறங்குகிறது. எத்தனை நாளில் உச்சியை அடையும் என்பது வினா. ஒரே வினாவில் முழம், சாண், விரல் என மூன்று அளவைகள் வருவது தற்செயலன்று. முழம் இரண்டு சாண், சாண் பன்னிரண்டு விரல் என்னும் வாய்பாட்டை மனத்தில் கொண்டவனே அடுத்த அடியை எடுத்து வைக்க முடியும். பனையின் உயரம் 768 விரல். ஒரு நாளின் நிகர ஏற்றம் 8 விரல். விடை 96 நாள்.

இவ்வகைக் கணக்கில் ஒரு பொறி உண்டு. உச்சியை அடைந்த நாளில் உயிரி வழுக்குவதில்லை. ஆகவே நிகர ஏற்றத்தால் வகுத்துப் பெறும் விடை சில வேளைகளில் பிழைபடும். பீசா நகரத்து லியோனார்தோ 1202இல் எழுதிய லிபேர் அபாச்சி நூலில், 50 சாண் ஆழக் குழியிலிருந்து நாளும் ஏழில் ஒரு பங்கு சாண் ஏறி ஒன்பதில் ஒரு பங்கு சாண் இறங்கும் சிங்கத்தைப் பற்றிய கணக்கு உள்ளது. நேர் வகுத்தலால் அவர் தரும் விடை 1575 நாள். கடைசி நாள் வழுக்கலை நீக்கினால் சிங்கம் 1572ஆம் நாளிலேயே வெளியேறிவிடும். ஓந்திக் கணக்கிலோ நிலை வேறு. 94 நாள் முடிவில் ஓந்தி 752 விரல் உயரத்தில் உள்ளது. மறுநாள் 764 வரை ஏறியும் உச்சி எட்டாமல் 760க்கு இறங்குகிறது. 96ஆம் நாளில் எஞ்சிய 8 விரலை ஏறிவிடுகிறது. எவ்வழியில் போட்டாலும் விடை மாறாது. இது ஆசிரியர் அறிந்து தேர்ந்த எண்ணா, நல்வாய்ப்பா என்பதைச் செய்யுளைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. எனினும் பிழையான வழியில் சென்றவனும் சரியான விடையை அடைவதால், பொறி கண்ணுக்குப் படாமலே போய்விடுகிறது என்பதும் கருதத்தக்கது.

பலாச்சுளைக் கணக்கு, மேற்கூறிய போற்றுதலுக்கு மிகுதியும் ஆளாவது. காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் தொகை கிடைக்கும் என்பது விதி. முள் 100 எனில் சுளை 120. ஆனால் முள் 62 எனில் சுளை 74உம், அதன் மேல் ஐந்தில் இரண்டு பங்கும் வரும். பழைய வழக்கில் சொன்னால் காலும் மும்மாவும். காலும் மும்மாவுமான சுளையை எந்தப் பலாவிலும் காண இயலாது. ஆனால் ஐந்தால் வகுத்த மீதியை மாக்கணக்கில் சொல்லத் தெரிந்த மாணவனை அன்றைய எந்தத் திண்ணைப் பள்ளியிலும் கண்டிருக்கலாம். விதியின் பயன் பழத்தில் இல்லை, மாணவனிடத்தில் உள்ளது.

பூசணிவிதைக் கணக்கு இன்னும் வெளிப்படையானது. கீற்றுகளை எண்ணி மூன்றாலும் ஆறாலும் ஐந்தாலும் அடுத்தடுத்துப் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். பின்னர் மூன்றைக் கொண்டு ஒரு செயல் எஞ்சுகிறது. அதைப் பெருக்கலாகக் கொள்ளும் விளக்கம் பரவலாக வழங்குகிறது. அவ்வாறாயின் ஆறு கீற்றுள்ள காய்க்கு 810 விதை. வகுத்தலாகக் கொண்டால் 90. ஒரே காய்க்கு ஒன்பது மடங்கு வேறுபட்ட இரு விடைகள் கூறப்பட வாய்ப்பிருந்தும், காயை அறுத்து எண்ணிப் பார்த்துச் சொல்லும் வழக்கம் உருவாகவில்லை. பெருக்கலாயின் இத்தனை படிகளும் சேர்ந்து 135ஆல் பெருக்குவதற்குச் சமம். வகுத்தலாயின் வெறும் 15ஆல் பெருக்குவதற்குச் சமம். மூன்றால் பெருக்கி மூன்றாலேயே வகுப்பது வீண்வேலை என்பதை ஒரு சிறுவன் தானே கண்டுகொண்டால், அன்றைய பாடம் அவனுக்கு முடிந்தது.

இத்தகைய பயிற்சிக்கு அடித்தளமான முந்திரி (320இல் ஒரு பங்கு), காணி (80இல் ஒரு பங்கு), மா (20இல் ஒரு பங்கு) ஆகிய பின்னங்கள் அன்றாட வழக்கிலிருந்து நீங்கிவிட்டன. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு காசானபின் பதின்மக் கணக்கே எங்கும் நிலைபெற்றது. ஓந்திக் கணக்கில் முழத்தை மீட்டராக்கிச் சொன்னாலும் 96 என்ற விடை வரும். ஆனால் முழத்தைச் சாணாகவும் சாணை விரலாகவும் மாற்றும் இரு படிகள் அதில் இரா.