ஷீன்

அண்ணன் மகள் ஜப்பானிய மங்கா காமிக்ஸ் புத்தகம் ஒன்றை மடியில் விரித்துவைத்துக் கேட்டாள்: “சித்தப்பா, இங்க யாரும் பேசல, எதுவும் உடையல. அப்புறம் எதுக்கு இவ்ளோ பெரிய எழுத்து?”

காலி அறை. மேலிருந்து கீழாக ‘ஷி’, அதை நீட்டும் ஒரு கோடு, கடைசியில் ‘ன்’. எதுவுமே கேட்கவில்லை என்பதற்கான ஓசை அது.

ஓசையடங்கிக் கிடப்பதை ‘ஷின்’ என்பது ஜப்பானியத்தில் பழைய வழக்கு. அதைக் காமிக்ஸ் கட்டத்துக்குள் கொண்டுவந்தது தான்தான் என்று எழுதியிருக்கிறார் மங்கா ஓவியர் ஒசாமு தெசுகா. ஆங்கிலத்துக்குப் போனபோது அது தடுமாறியது. சிலர் எழுத்தை அப்படியே விட்டு, பக்கத்தில் பொடியாகப் பொருள் போட்டார்கள். சிலர் அழித்துவிட்டு வேறு எழுதினார்கள்.

தமிழில்? 1972இல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியில் முத்து காமிக்ஸ் கிளம்பியது. நம் கட்டங்களில் டுமீலுக்கும் டமாலுக்கும் பஞ்சமில்லை. வெடி செய்கிற ஊர் ஆயிற்றே! ஓசையில்லாத நிலைகளையும் நாம் ஓசையாகச் சொல்பவர்கள்தான். இரட்டைக்கிளவி இசை, குறிப்பு, பண்பு என மூன்றையும் பற்றி வரும் என்று தொல்காப்பிய உரைகாரர்கள் சொல்லிவிட்டார்கள். ஜப்பானியரின் ‘தொகிதொகி’ நமக்குப் ‘படபட’, ‘கிராகிரா’ ‘மினுமினு’. ஷீன் மட்டும் வழுக்குகிறது. ‘கப்சிப்’ என்றால் யாரோ வாயை மூடியாக வேண்டும். ‘நிசப்தம்’ வெறும் பெயர், காதில் விழாது.

அதற்கொரு தமிழ் ஓசையைத் தேடி, பேசாமலே பாடம் சொன்ன ரமணர் 1899 முதல் 1916 வரை இருந்த விரூபாட்ச குகைக்குப் போய் உட்கார்ந்தேன். கீழே திருவண்ணாமலையின் பஸ் ஹாரன்கள் தேய்ந்தன. கொஞ்ச நேரத்தில் காதுக்குள் ‘ஙொய்’ என்றது. ஆகா, இதுதான் என்று இறங்கிவந்து கட்டத்தில் எழுதினால், அறைக்குள் கொசு புகுந்த மாதிரி இருந்தது. ரப்பரால் தேய்த்தேன்.

‘ஷி’யை நீட்டும் அந்தக் கோட்டைத்தான் நான் கவனிக்கவில்லை. நீட்டலுக்கு நம்மிடம் அளபெடை இருக்கிறதே. மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, ‘ஷீஇஇஇன்’ என்று ஒவ்வோர் எழுத்தாகக் கீழிறக்கி, பென்சிலை அழுத்தாமல் எழுதினேன்.

வாங்கிப் பார்த்தவள் உதட்டை அசைத்தாள், குரல் வரவில்லை.

“இத சத்தமாப் படிக்கணுமா சித்தப்பா?”