அரை நாள் பள்ளிக்கூடம்: 1953-ல் நடந்தது என்ன?



"குலக்கல்வித் திட்டம்" என்ற சொல்லை மேடைப் பேச்சுகளில் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். உண்மையில் அது என்ன, ஏன் வந்தது, எப்படிப் போனது என்பதை இந்த இதழில் சுருக்கமாகப் பார்ப்போம். நம் சங்கம் எந்தக் கட்சியையும் சாராதது. இந்தக் கட்டுரையும் அப்படித்தான்.

1952 ஏப்ரலில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். அப்போது பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். 14 வயது வரை எல்லாருக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்து ஆண்டுகளுக்குள் தர முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு சொன்னது. ஆனால் கட்டடமும் ஆசிரியர்களும் போதவில்லை, பணமும் இல்லை.

இதற்கு ராஜாஜி கண்ட வழி எளிமையானது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து மணி நேரப் படிப்பை மூன்று மணி நேரமாகக் குறைத்து, பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கிக் காலையிலும் மாலையிலும் நடத்துவது. அதே கட்டடம், அதே ஆசிரியர், ஆனால் இரு மடங்கு பிள்ளைகள். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரிடம் தொழில் கற்க வேண்டும். 1953-54 கல்வியாண்டில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசு இதற்கு வைத்த பெயர் "மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்". "குலக்கல்வி" என்பது எதிர்த்தவர்கள் சூட்டிய பெயர். அந்தப் பெயரே இன்று வரை நிலைத்துவிட்டது.

ஏன் நிலைத்தது என்று யோசித்துப் பாருங்கள். அன்றைய கிராமத்தில் பெற்றோரின் தொழில் என்பது பெரும்பாலும் சாதியின் தொழில். சலவைத் தொழிலாளியின் மகன் துறைக்கும், செருப்புத் தைப்பவரின் மகன் தோலுக்கும், பண்ணையாளின் மகன் மாட்டுக்கொட்டகைக்கும்தானே போக வேண்டியிருக்கும்? அதிலிருந்து தப்பிக்கத்தானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம் என்று பெற்றோர் கேட்டார்கள். நகரத்துப் பள்ளிகளுக்கு இந்தத் திட்டம் கிடையாது என்பது அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது.

இன்னொரு குறையும் உண்டு. இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும் முன்பு மக்களிடமோ, ஆசிரியர்களிடமோ, சட்டமன்றத்திலோ முறையாகக் கலந்து பேசவில்லை.

எதிர்ப்பு பல பக்கமிருந்தும் வந்தது. பெரியாரின் திராவிடர் கழகம் ஊர் ஊராகக் கூட்டம் நடத்தியது. 1954-ல் நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு ஓர் எதிர்ப்புப் படை நடந்தே வந்தது. தி.மு.க. 1953 ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்காகத்தான். ஈ.வெ.கி. சம்பத் தலைமையில் ராஜாஜி வீட்டின் முன் மறியல் நடந்தது. கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே பலருக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த ஜூலை மாதமே சட்டமன்றத்திலும் அரசு நெருக்கடிக்கு உள்ளானது. திட்டத்தை ஆராயப் பருலேகர் தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. குழுவோ திட்டம் சரியானதே என்று அறிக்கை கொடுத்தது. நிபுணர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் பெற்றோர் ஒப்புக்கொள்ளவில்லை. 1954 மார்ச்சில் ராஜாஜி உடல்நிலையைக் காரணம் காட்டிப் பதவி விலக முடிவெடுத்தார். ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம், கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார். அதே சுப்பிரமணியம்தான் முன்பு ராஜாஜி அமைச்சரவையில் அந்தத் திட்டத்தை ஆதரித்துப் பேசியவர்!

திட்டம் போனது. ஆனால் பணமில்லை, பாதிப் பிள்ளைகள் வெளியே என்ற பழைய கணக்கு அப்படியேதான் இருந்தது. காமராசர் அதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். பள்ளிக்கு வராத பிள்ளைக்குப் படிப்பு நேரத்தைக் குறைப்பதைவிட, வயிற்றுக்குச் சோறு போடுவது முதல் தேவை என்று கண்டார். 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே பெஞ்சும் கரும்பலகையும் வாங்கிக் கொடுத்தார்கள், நிலமும் கொடுத்தார்கள். கேட்காமல் கொண்டுவந்ததை எதிர்த்த அதே கிராமங்கள், கேட்டபோது அள்ளிக் கொடுத்தன.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 1953-ல் தெருவில் இறங்கிக் கேட்க வேண்டியிருந்ததை இன்று ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் அந்தக் கூட்டங்களில் பல நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன.

நம் பகுதி அரசுப் பள்ளியில் உங்கள் பிள்ளையோ, உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளையோ படித்தால், அடுத்த கூட்டம் என்று என விசாரித்து வையுங்கள், அவர்களிடமும் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது அந்த ஓராண்டில் அரை நாள் பள்ளிக்குப் போயிருந்தால், அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.