யுத்தமும் பந்தயமும்

பெயர்தான் கால்பந்து, அமெரிக்கர்கள் ஆடும் அந்த ஆட்டத்தில் பந்துக்கு உறவெல்லாம் கையோடுதான். அதன் விதிகள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனாலும் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக் கோஷ்டியின் 1944-ஆம் வருஷத்துச் சரித்திரத்தை ஒரு கதையைப் போல விரும்பிப் படித்தேன்.

ஒன்பது ஆட்டங்கள்; ஒன்பதும் வெற்றி. எடுத்த புள்ளிகள் 504, கொடுத்தவை 35. 1931-க்குப் பிறகு வெல்லவே முடியாதிருந்த நோட்டர் டேமை 59-0 என்று நொறுக்கினார்கள். ஐந்து வருஷமாகத் தங்களைத் தோற்கடித்துவந்த கடற்படைக் கல்லூரியையும் டிசம்பர் 2-ஆம் தேதி 23-7 என்று வென்றார்கள். பிலிப்பைன்ஸ் போர்முனையிலிருந்து ஜெனரல் மக்ஆர்தர் தந்தி அடித்தார்: இந்த வெற்றியைக் கொண்டாட யுத்தத்தையே நிறுத்திவிட்டாராம்!

வேடிக்கைதான். ஆனால் இந்த வெற்றியில் யுத்தத்துக்கும் பங்கு உண்டு. மற்றக் கல்லூரிப் பையன்களைப் பட்டாளம் அள்ளிக்கொண்டு போயிற்று. வருங்கால அதிகாரிகளான வெஸ்ட் பாயிண்ட் மாணவர்களோ படிப்பு முடியும்வரை மைதானத்தில் இருந்தார்கள். முந்தின வருஷம் இதே கோஷ்டியை 26-0 என்று வென்ற நோட்டர் டேமை முன்னின்று நடத்திய ஜானி லுஜாக், 1944-இல் கடற்படையில் இருந்தார்.

தந்தியில் நின்ற யுத்தம் தரையில் நிற்கவில்லை. 504 என்ற எண்ணைக் காணும்போது, எதிரே நின்று ஆடியிருக்க வேண்டிய அந்தப் பையன்களையும் சேர்த்தே எண்ணத் தோன்றுகிறது.