மூச்சுத்தொற்றுகளுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து: இங்கிலாந்தின் குடும்ப மருத்துவ நடைமுறை

சளி, இருமல், தொண்டை அழற்சி, நடுக்காது அழற்சி, சைனஸ் அழற்சி ஆகியவை குறுகிய கால மூச்சுத்தொற்றுகள். இங்கிலாந்தில் இவற்றுக்குப் பெரும்பாலும் குடும்ப மருத்துவர்களே சிகிச்சை அளிக்கின்றனர். இவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக்கு வைரஸ் கட்டுப்படாது. பாக்டீரியாவால் வரும் தொண்டை வலியும் காது வலியும்கூடப் பலருக்கு மருந்தின்றியே தீர்கின்றன. தேவையின்றிக் கொடுக்கும் மருந்து வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு போன்ற பக்கவிளைவுகளைத் தரும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகவும் இடமளிக்கும்.

வழிகாட்டுதல்

நைஸ் என்னும் தேசிய அமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் மருத்துவருக்கு மூன்று வழிகளைக் காட்டியது: மருந்து தராதிருத்தல், பொறுத்திருந்து வாங்குவதற்கான சீட்டைத் தருதல், உடனே மருந்து தருதல். நோய் எத்தனை நாள் நீடிக்கும் என்பதையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும். நடுக்காது அழற்சி சராசரியாக 4 நாள், தொண்டை வலி ஒரு வாரம், சளி ஒன்றரை வாரம், சைனஸ் அழற்சி இரண்டரை வாரம், இருமல் 3 வாரம் இருக்கும். இதை அறியாதவர், பத்தாம் நாளும் இருமல் நின்றபாடில்லையே என்று மருந்து கேட்டு வருகிறார்.

பொறுத்திருந்து வாங்கும் சீட்டு

குறிப்பிட்ட நாள்களில் நோய் தணியாவிட்டாலோ, அதற்குள் முற்றினாலோ மட்டுமே இச்சீட்டைக் காட்டி மருந்து வாங்க வேண்டும். மருத்துவ ஆய்வாளர் பால் லிட்டிலின் குழுவினர் தொண்டை வலியுள்ள 716 பேரிடம் நடத்திய ஆய்வு 1997-இல் வெளியானது. அதில் இவ்வகைச் சீட்டு பெற்றவர்களில் பத்தில் ஏறத்தாழ ஏழு பேர் மருந்தே வாங்கவில்லை. உடனே மருந்து பெற்றவர்களோ, அடுத்த முறையும் மருத்துவரை நாட வேண்டும் என்ற எண்ணத்தைக் கூடுதலாகக் கொண்டிருந்தனர்.

முடிவுக்குத் துணைபுரிபவை

தொண்டை வலிக்கு ஃபீவர்பெயின் என்ற ஐந்து மதிப்பெண் அளவை பயன்படுகிறது. கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல், டான்சிலில் சீழ், நோய் தொடங்கி 3 நாளுக்குள் மருத்துவரிடம் வருதல், டான்சிலில் கடும் வீக்கம், இருமலும் மூக்கொழுகலும் இல்லாமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 0 அல்லது 1 எனில் மருந்து தேவையில்லை. 4 அல்லது 5 எனில் உடனே தரலாம், பொறுத்திருந்து வாங்கும் சீட்டும் தரலாம்.

உடனடிச் சிகிச்சை

உடல்நிலை மிகவும் சீர்கெட்டவர்கள், நிமோனியா அறிகுறி உள்ளவர்கள், இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் கடும் நோயுள்ளவர்கள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், குறைமாதத்தில் பிறந்த சிறு குழந்தைகள் ஆகியோர் விஷயத்தில் காத்திருப்பது ஆபத்து. இவர்களை உடனே பரிசோதித்து, மருந்து தொடங்குவதையோ மருத்துவமனைக்கு அனுப்புவதையோ மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். மருந்தைக் கட்டுப்படுத்தும் இந்நடைமுறை, உண்மையில் தேவைப்படுவோருக்கு அதை மறுப்பதற்கானது அன்று.