வயிறு நிறைந்தும் ஊறாத இரத்தம்: இந்தியாவில் இரத்தசோகை அளவீடு வளர்ந்த வரலாறு

முன்னுரை

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 35.5 விழுக்காட்டினர் 2005-06இல் மெலிந்த உடலினராக இருந்தனர். 2019-21இல் இது 18.7 விழுக்காடாகக் குறைந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 48 விழுக்காட்டிலிருந்து 35.5 விழுக்காடாகக் குறைந்தனர். ஆனால், அதே இடைவெளியில் பெண்களின் இரத்தசோகை 55.3 விழுக்காட்டிலிருந்து 57 விழுக்காடாக ஏறியது. உடல் தேறிய அளவுக்கு இரத்தம் தேறாதது ஏன்?

இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, யாரை எப்போது அளந்தோம் என்ற வரலாற்றில் இருக்கிறது. இரத்தசோகை நெடுங்காலம் பேறுகாலச் சிக்கலாகவே பார்க்கப்பட்டது. மற்ற வயதினர் ஒவ்வொருவராக அளவீட்டுக்குள் வந்த பிறகே, அது பிறப்பு முதல் தொடரும் ஊட்டக் குறை என்பது புலப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பேறுகால நோயாக அறிமுகம்

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்துக்கு வந்தார். பேறுகாலத் தாய் மரணங்களை ஆராய்ந்துவந்த மார்கரெட் பால்ஃபரின் அழைப்பின் பேரில் வந்தவர் அவர். நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளிடம் சிவப்பணுக்கள் பெருத்துக் காணப்படும் ஒருவகைச் சோகையை அவர் ஆராய்ந்தார். ஏழைப் பெண்களின் உணவே அதற்குக் காரணம் என்று கருதி, அதைப் போன்ற உணவை விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் இச்சோகையைக் குணப்படுத்துவதை 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அறிவித்தார். அந்தச் சாற்றில் இருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்பது 1940களில் தெளிவாயிற்று.

இவ்வாய்வில் தமிழகத்துக்கும் பங்குண்டு. 1929இல் சில மாதங்கள் வில்ஸ் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றினார். 1931இன் தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் நடத்திய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமே 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது.

இரும்பு மட்டுமே குறை என்று எண்ணக் கூடாது என்பதும், நோயின் வேர் அன்றாட உணவில் இருக்கிறது என்பதும் வில்ஸின் ஆய்வு தந்த பாடங்கள். அரசுத் திட்டங்கள் முதலாவதை ஓரளவு ஏற்றன. இரண்டாவதை இன்னும் முழுமையாக எட்டவில்லை.

மாத்திரைத் திட்டம்

1970இல் தொடங்கிய தேசிய இரத்தசோகைத் தடுப்புத் திட்டம் இரும்பையும் ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்து மாத்திரையாக வழங்கியது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளுமே அதன் இலக்கு. கர்ப்பிணிக்கான இரும்பின் அளவு 60 மில்லிகிராம்; பின்னர் அது 100 ஆக உயர்த்தப்பட்டது. கர்ப்பம் தரித்த பின் தொடங்கும் மாத்திரைக்குச் சில மாத அவகாசமே உண்டு. சிறுமியாக இருந்தபோதே வற்றிப்போன இரும்புச் சேமிப்பை அதற்குள் நிரப்புவது கடினம். ஆனால், அந்தச் சிறுமியின் நிலையைக் காட்டும் நாடு தழுவிய அளவீடு அன்று இல்லை.

அளவீட்டுக்குள் வந்த வயதுகள்

1992-93இல் நடந்த முதல் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இரத்தப் பரிசோதனை இல்லை. 1998-99இல் நடந்த இரண்டாவதில் ஹீமோகுளோபின் அளக்கப்பட்டது. மணமான பெண்களுக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மட்டும். குழந்தைகளில் 74 விழுக்காட்டினருக்குச் சோகை இருந்தது. 2005-06இல் மணமாகாத பெண்களும், ஆண்களும், ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். ஆண்களில் 24.2 விழுக்காட்டினருக்குச் சோகை என்ற செய்தி அப்போதுதான் தேசிய அளவில் பதிவாயிற்று.

2019-21 கணக்கெடுப்பில் 15-19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும், அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் சோகை இருந்தது. கர்ப்பிணிகளில் இது 52.2 விழுக்காடு. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் கர்ப்பிணிக்கு 11 கிராம், மற்றப் பெண்களுக்கு 12 கிராம் என வரையறை வேறுபடுவதால் இவற்றை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. எனினும், தாய்மைக்கு முன்பே சோகை குடியேறிவிடுகிறது என்பதில் ஐயமில்லை.

5 முதல் 14 வயது வரை இருந்த இடைவெளியை 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு நிரப்பியது. 1-4 வயதில் 41 விழுக்காடாக இருந்த சோகை, 5-9 வயதில் 24 ஆக இறங்குகிறது. 10-19 வயதில் பெண்களுக்கு 40, ஆண்களுக்கு 18 எனப் பிரிகிறது. வயிற்றில் இருக்கும்போது தாய் தந்த இரும்பு ஏறத்தாழ ஆறு மாதம்தான் தாங்கும். அதன்பின் வெறும் சோற்றுக் கஞ்சி அந்தக் குறையை ஈடுசெய்யாது. பூப்பெய்தியபின் மாதவிடாயில் இழக்கும் இரத்தம், வளரும் உடலின் தேவையோடு சேர்ந்துகொள்கிறது.

அதே ஆய்வு வளரிளம் பருவத்தினரில் 37 விழுக்காட்டினருக்கு ஃபோலேட் குறைவும், 31 விழுக்காட்டினருக்கு பி12 குறைவும் இருப்பதைக் காட்டியது. இரும்புக் குறைவோ 22 விழுக்காடுதான். வில்ஸ் எச்சரித்த குறை, தொண்ணூறு ஆண்டுகள் கழித்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் தெரிகிறது.

முறைகளின் வேறுபாடு

இரு ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துப் படிக்கையில் கவனம் தேவை. 2015-16 குடும்ப நலக் கணக்கெடுப்பு ஐந்து வயதுக்குட்பட்டோரில் 58.6 விழுக்காட்டினருக்குச் சோகை என்றது. அது விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை அளந்தது. ஊட்டச்சத்து ஆய்வு சிரையிலிருந்து இரத்தம் எடுத்தது. குழந்தைகளின் வயது வரம்பும் சற்று வேறு. துளியில் திசுநீர் கலந்தால் அளவு மாறக்கூடும். உலக சுகாதார நிறுவனமும் 2024இல் 6-23 மாதக் குழந்தைகளுக்கான வரம்பை 11 கிராமிலிருந்து 10.5 ஆகத் தாழ்த்தியது. ஆகவே, நோயின் துல்லிய அளவு விவாதத்துக்குரியது. அது எந்தெந்த வயதைத் தாக்குகிறது என்பதில் இரு முறைகளும் பெரிதும் ஒத்துப்போகின்றன.

முடிவுரை

2018இல் வந்த ‘இரத்தசோகை இல்லாத பாரதம்’ திட்டம் இந்த வரலாற்றின் பயன். 5-9 வயதுக்கு வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை, 10-19 வயதுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை என வயதுவாரியாக அது பிரித்து வழங்குகிறது. ஆனால், அதன் ஆறு பிரிவுகளில் இருபது வயது தாண்டிய ஆண்களும் முதியோரும் இல்லை. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பும் பெண்களை 49 வயதோடும் ஆண்களை 54 வயதோடும் நிறுத்திவிட்டது. அளக்கப்படாத வயதுக்குத் திட்டம் வராது என்பதை இந்த வரலாறு மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது. முதியோர் விஷயத்திலும் அதே தவறு தொடரக் கூடாது.

அரிசி, கோதுமை, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே உடலில் சேர்கிறது. தானியம் வயிற்றை நிரப்பும், எடையையும் ஏற்றும். இரத்தம் ஊற கீரை, முட்டை, மீன், இறைச்சி, பழம் எல்லாம் வேண்டும். ரேஷன் கடையும் சத்துணவுக் கூடமும் இவற்றை ஏழை வீட்டுக்கு எட்டச் செய்ய வேண்டும். பத்து வயதிலேயே ஒவ்வொரு சிறுமியின் இரத்தமும் சோதிக்கப்பட வேண்டும். மாத்திரை அவசியம்தான். ஆனால், தட்டில் இருப்பது மாறாதவரை, அடுத்த தலைமுறைக்கும் அதே மாத்திரையை நீட்டிக்கொண்டிருப்போம்.