ஏட்டு முகப்பும் இணையக் குறிப்பும்



பருத்தித்துறை என்னும் ஊர்ப்பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பத்திரங்களிலும் பாடநூல்களிலும் அது பருத்தித்துறை. சந்தைக்கு வருவோர் வாயில் அது பருத்துறை. ஆங்கிலத்திலோ பொயின்ற் பீட்ரோ. போர்த்துக்கேயர் இக்கரையைக் கற்கள் நிறைந்த முனை என்ற கருத்தில் அழைத்த பெயரே இவ்வாறு திரிந்தது என்பர். தமிழ்ப்பெயர் பருத்தி ஏறி இறங்கிய துறையை நினைப்பூட்ட, அயற்பெயர் கப்பலோட்டி அஞ்சிய பாறையை நினைப்பூட்டுகின்றது. மூன்று பெயரும் ஒரே ஊர் என்பதை இவ்வூர்ச் சிறுவனும் அறிவான். உலகத்துச் செய்தியெல்லாம் தேடித் தரும் இயந்திரத்துக்கு அதனை யாரேனும் சொல்லிவைத்தல் வேண்டும். அவ்வாறு சொல்லிவைக்கும் குறிப்பின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

பொருளைத் தேடியெடுக்கும் வழி அப்பொருளைப் போலவே பழையது. ஏட்டுச்சுவடியின் முகப்பில் நூற்பெயரை எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. அவ்வேடு முறிந்தாலோ செல்லரித்தாலோ, கட்டை அவிழ்த்துப் படித்தறியும் புலவன் வரும்வரை நூல் பரணில் உறங்கும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றுமுன் ஏடு தேடிப் பட்ட பாட்டில் இதற்கும் ஒரு பங்குண்டு என்றே கருதுகின்றேன். சொற்களின் நிலையும் அவ்வாறே. நிகண்டுகள் செய்யுளாய் இருந்தமையால், மனனஞ் செய்தவனுக்கே அவை எளிதில் வழிவிட்டன. 1732 இல் வீரமாமுனிவரின் சதுரகராதி சொற்களை எழுத்து வரிசையில் நிறுத்திற்று. 1842 இல் மானிப்பாயில் அச்சான யாழ்ப்பாண அகராதி, ஏறக்குறைய 58,500 சொற்களுடன் அவ்வழியிலே வந்தது. அதன்பின் நூலகப் பட்டியல் அட்டைகள் வந்தன.

இணையத்திற்கு வருவோம். முதலாவது இணையத்தளம் ஜெனீவா நகருக்கு அருகேயுள்ள அணுவாராய்ச்சி நிலையத்தில் 1991 இல் தோன்றியது. இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் தலை, உடல் என இரு பகுதிகள் உண்டு. உடலை நாம் படிக்கின்றோம். தலைப்பகுதியில் எழுதப்படுவன பெரும்பாலும் நம் கண்ணுக்குப் புலப்படாதவை, இயந்திரத்துக்கென எழுதப்படுபவை. அவற்றுள் ஒரு வகையே மெற்றா குறிச்சொற்கள். இப்பக்கம் எதைப் பற்றியது, எக்குறியீட்டு முறையில் எழுதப்பட்டது, பட்டியலிற் சேர்க்கத்தக்கதா, சேர்க்கலாகாததா என்பவற்றையெல்லாம் அவை கூறும். 1995 மார்ச்சில், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டப்ளின் என்னும் ஊரில் நூலகர்களும் கணினி வல்லுநர்களும் கூடி, ஆக்கியோன், தலைப்பு, காலம், பொருள் முதலான விவரங்களுக்கு ஒரு பொது ஒழுங்கை வகுக்கத் தொடங்கினர். பின்னர் அது 15 கூறுகளாக நிலைபெற்றது. நூலகத்தின் பழைய அட்டையே புதிய உடுப்புடன் வந்தது எனலாம்.

அதே ஆண்டு டிசம்பரில் அல்ராவிஸ்ரா என்னும் தேடுபொறி வெளிவந்தது. அக்காலத் தேடுபொறிகள் பல பக்கத்தின் தலையில் எழுதிய திறவுச்சொற்களை நம்பின. நம்பினவரை ஏய்ப்பதற்கு ஆட்கள் குறைவா? பழைய வண்டி விற்பவன் பிரபல நடிகையரின் பெயர்களைக் குறிச்சொல்லாகத் திணித்தான். ஒரே சொல்லை நூறுமுறை எழுதினோரும் இருந்தனர். சந்தையில் கூவி விற்பவனையாவது கண்ணாற் காணலாம். இவர்கள் காணாத இடத்தில் நின்று கூவினர். 1998 இல் நிறுவப்பெற்ற கூகிள், ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எவ்வளவு சுட்டுகின்றன என்பதைப் பெரிதாக மதித்தது. திறவுச்சொற் குறியைத் தன் இணையத் தேடலின் வரிசைப்படுத்தலிற் கணக்கிடுவதேயில்லை என 2009 செப்டெம்பரில் அந்நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. பொய்யரால் ஒரு நல்ல கருவி பயனற்றுப் போனமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எஞ்சியவை இரண்டு. ஒன்று பக்கத்தின் தலைப்பு. மற்றது விவரிப்புக் குறி. விவரிப்பு வரிசையை உயர்த்தாது. ஆயினும் தேடியவர் முன் தலைப்பின் கீழே தோன்றும் இரண்டு வரி பெரும்பாலும் அதிலிருந்தே எடுக்கப்படலாம். பிறநாட்டு அங்காடிகளில் நம்மூர் வடை விற்போர் பக்கத்தின் தலைப்பில் 'முகப்பு' என்று மாத்திரம் எழுதினால் யார் வந்து வாங்குவர்? 'பருத்தித்துறை வடை' என்று தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுக. எங்கே செய்வது, எங்கே கிடைக்கும் என்பதை இரண்டு வரியிற் கூறுக. இதற்குப் பெரும் வித்தை வேண்டியதில்லை.

தமிழருக்கு வேறோர் இடரும் இருந்தது. யூனிக்கோட் முறையில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தும், பல ஆண்டுகள் நாம் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே எழுதினோம். திரையில் 'தமிழ்' என்று தோன்றுவது, கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாய்க் கிடந்தது. தமிழிலே தேடியவனுக்கு அப்பக்கம் அகப்படாது. எத்தனை ஊர்ச் சரித்திரங்கள் இவ்வாறு வெளிச்சத்தில் வைத்தும் இருளிற் கிடந்தன! எழுதியவர்கள் சோம்பேறிகள் அல்லர், இரவிரவாகத் தட்டச்சிட்டவர்கள்.

1981 ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒளிப்படியாக்கி இணையத்தில் வைத்து வருகின்றது. ஒளிப்படி என்பது வெறும் படமே. அதனுள் இருக்கும் எழுத்தை இயந்திரம் வாசிக்கப் பழகி வருகின்றது. ஆயினும் மங்கிய பழைய அச்சில் அது தடுமாறும். ஆகவே ஆக்கியோன் பெயர், ஆண்டு, பதிப்பகம் எனக் கையால் எழுதிய விவரமே அந்நூலுக்குக் கதவு.

அத்தொகுப்பில் நினைவு மலர்களும் உண்டு. முப்பத்தொராம் நாளன்று நம் வீடுகளில் வழங்கும் அச்சிறு புத்தகங்களை வெளியூரவர் அற்பமெனக் கருதலாம். நான்கு தலைமுறை வமிசாவளி, மலாயாவுக்கு உத்தியோகத்துக்குப் போன ஆண்டு, சீதனக் காணியின் பெயர் ஆகியன வேறெந்த ஏட்டிலும் இரா. அதன் விவரக்குறிப்பில் 'நினைவு மலர், கந்தையா' என்று மட்டும் எழுதினால், ரொறன்ரோவிலிருந்து பூட்டனாரைத் தேடும் பெண்பிள்ளைக்கு ஆயிரங் கந்தையாக்கள் வந்து நிற்பர். தந்தையார் பெயர் முதலெழுத்தாகச் சுருங்காமல் முழுமையாக இருத்தல் வேண்டும். புலோலி, தும்பளை, அல்வாய் என ஊர்ப்பெயரும், மறைந்த ஆண்டும், ஆங்கில எழுத்தில் அதே பெயரும் சேர்தல் வேண்டும். உங்கள் வீட்டு அலுமாரியில் அத்தகைய மலர் இருப்பின், முதற்பக்கத்திலேயே இவ்விவரங்களைப் பென்சிலால் எழுதிவைத்துப் பின்னர் கொடுங்கள். நாளை அதனைப் பட்டியலிடப் போகும் இளைஞருக்கு அவ்வூரும் தெரியாது, அம்மனிதரையும் தெரியாது.