கையொப்பம் இட்டவரெல்லாம் கற்றவரா?

எழுதப் படிக்கத் தெரியாதவரைக் “கைநாட்டு” என்று சொல்வது தமிழர் வழக்கு. பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் பதிக்கும் செயலே ஒருவருடைய கல்வி நிலைக்குப் பெயராகிவிட்டது. ஆங்கிலேயர் பெருவிரலுக்குப் பதிலாகப் பேனாவைப் பிடித்து ஒரு பெருக்கற் குறி இட்டனர். அந்தக் குறியை வைத்தே அந்நாட்டார் நெடுங்காலம் தம் மக்களின் கல்வியை அளந்தனர் என்பதும், அந்த அளவுகோல் அவர்களை எவ்வாறு ஏமாற்றியது என்பதும் ஆசிரியராய் இருப்போர் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறாகும்.

1753 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த இங்கிலாந்தின் திருமணச் சட்டம், மணமக்கள் இருவரும் தேவாலயப் பதிவேட்டில் கையொப்பமாவது குறியாவது இடவேண்டும் என விதித்தது. மறைவாக நடக்கும் திருமணங்களைத் தடுப்பதே அதன் நோக்கம். கல்வியை அளப்பது அன்று. எனினும், யூதரும் குவேக்கர் சமயத்தாரும் நீங்கலாக, உழவன் முதல் பிரபு வரை எல்லாருடைய கைகளும் ஒரே ஏட்டில் பதிந்தமையால், அது கல்விக் கணக்கு எடுப்போர்க்கு நல்ல கருவியாயிற்று. தலைமைப் பதிவாளர் 1839 முதல் இக்கணக்கை வெளியிடலானார். அக்காலத்தே மணமகன்மாருள் மூன்றில் இரு பங்கினரும், மணமகள்மாருள் ஏறத்தாழப் பாதியினருமே பெயரெழுதினர்.

இக்கணக்கை அப்படியே நம்புதல் கூடாது. அந்நாளைய பள்ளிகளில் முதலில் வாசிப்பு, அது கைவந்த பின்னரே எழுத்து. வறுமையால் வேலைக்குச் சென்ற பிள்ளைகள் பேனாவைத் தொடுமுன்னரே பள்ளியை விட்டு நீங்கினர். ஆகவே குறியிட்ட பெண்களுள் பலர் விவிலியத்தை வாசிக்கக் கூடியவராய் இருந்திருப்பர். கணவனாகப் போகிறவன் குறியிடக் கண்டு, எழுதத் தெரிந்த மணமகளும் அவனுக்குத் தலைகுனிவு நேராதபடி தானும் குறியிட்டதுண்டு என்று அக்காலப் பாதிரிமார் கூறியிருக்கின்றனர். (இத்தகைய நாணமும் பரிவும் எந்தப் புள்ளிவிவரத்திற்குள் அடங்கும்?) மறுபக்கம், தன் பெயரை மட்டும் சித்திரம்போல் வரையப் பழகியவன் கற்றோர் வரிசையில் வைத்து எண்ணப்பட்டான். பின்னாளில் பெருந்தொல்லை விளைத்தது இந்த இரண்டாவது பிழையே.

1870 இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1880 இல் பள்ளிக்குச் செல்லுதல் கட்டாயமாயிற்று. 1891 முதல் பெரும்பாலும் சம்பளம் இல்லாமற் போயிற்று. 1900 ஆம் ஆண்டில் மணமக்களுள் நூற்றுக்கு 97 பேர் கையொப்பமிட்டனர். எழுத்தறியாமை நாட்டைவிட்டே ஒழிந்தது என்று ஆட்சியாளர் நிறைவடைந்தனர். கணக்கெடுப்பதும் நின்றது. நோய் தீர்ந்தது என்று மருத்துவர் சொன்னபின் நோயாளியை யார் பார்க்கப் போகிறார்கள்?

நோயாளி இருந்தான். கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞருள் ஆணைத்தாளைப் படிக்க இயலாதவர் இருந்தனர். அவர்க்கெனப் படையிலேயே பாடம் நடத்த வேண்டியதாயிற்று. 1960 இல் படைக்கு ஆளெடுக்கும் அவ்வழக்கம் நின்றபோது, இக்குறை வெளியே தெரிவதற்கு இருந்த அந்த ஒரு சாளரமும் மூடிற்று.

1974 இல் தொண்டு நிறுவனங்கள் வாசிப்பதற்கான உரிமை என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கின. வளர்ந்தோருள் இருபது இலட்சம் பேர்க்குச் செவ்வனே எழுதப் படிக்க வராது என அவை மதிப்பிட்டன. அரசினர் பத்து இலட்சம் பவுன் ஒதுக்கினர். 1975 அக்டோபரில் பி.பி.சி. தொலைக்காட்சி ஞாயிறு மாலைகளில் பத்து நிமிட நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிச் செல்லும் ஆல்ஃப் என்னும் தொழிலாளி, தனக்குப் படிக்க வராது என்பதை உடன் பணிசெய்யும் நண்பனிடம் சொல்கிறான். ஆல்ஃபாக நடித்தவர் பாப் ஹாஸ்கின்ஸ். உதவி வேண்டுவோர்க்கு ஒரு தொலைபேசி எண் தரப்பட்டது. மடல் எழுதிக் கேளுங்கள் என்றால் யார் எழுதுவார்?

அழைத்தவர்கள் பள்ளியையே காணாதவர்கள் அல்லர். பள்ளி விடும் வயது 1918 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பதினான்காகவும், 1947 இல் பதினைந்தாகவும் உயர்ந்திருந்தது. ஒன்பது பத்து ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது. மூளையில் எழுத்து இல்லை. படிவம் ஒன்றை நீட்டினால் “மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன்” என்பர். கையில் கட்டுப்போட்டுக் கொள்வாரும் உண்டு. சொந்த மனைவிக்கும் தெரியாமல் காத்த இரகசியம் அது. திருமணப் பதிவேட்டின் இடத்தை வருகைப் பதிவேடு பிடித்துக்கொண்டது என்றே சொல்லவேண்டும்.

இதற்குள் அளவுகோலும் மாறியிருந்தது. அன்றாட வாழ்க்கை பற்றிய சிறு கூற்றொன்றைப் பொருளுணர்ந்து எழுதவும் படிக்கவும் வல்லவரே எழுத்தறிந்தவர் என யுனெஸ்கோ 1958 இல் வரையறுத்தது. 1978 இல் அது மேலும் சென்று, தம் சமூகத்தில் எழுத்து வேண்டப்படும் செயல்களில் எல்லாம் ஈடுபடக் கூடியவரே பயன்படும் எழுத்தறிவு உடையவர் என்றது. இவ்வரையறையின் நுட்பம் கருதத்தக்கது. வயலில் ஏர் பிடித்தவனுக்குப் போதுமாயிருந்த எழுத்து, மருந்துப் புட்டியின் சீட்டையும் வரிப் படிவத்தையும் இயந்திரக் குறிப்பையும் படிக்க வேண்டிய அவன் பேரனுக்குப் போதாது. பேரன் பாட்டனைவிட நன்றாகப் படிப்பவனாயிருந்தும் எழுத்தறியாதவன் ஆகிவிடுகிறான்.

1999 இல் சர் கிளாஸ் மோசர் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது. மோசர் புள்ளியியல் அறிஞர். 1936 இல் ஜெர்மனியிலிருந்து சிறுவனாக இங்கிலாந்துக்கு வந்தவர். அவர் காட்டிய சான்று எளியது. தொலைபேசி வணிகத் திரட்டின் அகரவரிசைப் பட்டியலைக் கையில் கொடுத்து, குழாய் பழுது பார்ப்பவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று கேட்டால், ஐவருள் ஒருவர்க்குக் கண்டுபிடிக்க இயலவில்லை. இங்கிலாந்தில் அத்தகையோர் எழுபது இலட்சம் பேர் வரை இருக்கலாம் என்றது அறிக்கை. ஈராண்டு கழித்து அரசு முதியோர்க்கென விரிந்த கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று, வகுப்புகள் பெருகின.

வளர்ந்தோர் திறன் பற்றிய பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 2013 இல் வெளிவந்தபோது, இங்கிலாந்தில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் கீழ்மட்ட வாசிப்புத் திறனே உடையவராய்க் காணப்பட்டனர். அதனினும் வியப்பளித்தது வேறு செய்தி. 16 முதல் 24 வயது வரையுள்ள இளைஞர், 55 முதல் 65 வயது வரையுள்ள மூத்தோரைக் காட்டிலும் வாசிப்பில் மேம்பட்டிருக்கவில்லை. அவ்விளைஞர் யாவரும் ஆல்ஃபின் கதை ஒளிபரப்பான காலத்திற்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை பள்ளியில் இருந்தவர்கள்.